வரவேற்பு மேசை

“இந்தச் சேலையக் கட்டிக்கிட்டா போகப் போற?”

சின்னம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். லோகேஸ்வரி தூக்கிய இஸ்திரிப் பெட்டியோடு அப்படியே நின்றாள். மேசைமேல் மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சேலை விரித்துக் கிடந்தது. புருஷன் ஜெயராஜ் உயிரோடு இருந்தபோது தைப்பூசத்துக்கு எடுத்துக் கொடுத்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஒரே ஒரு தடவை கட்டிப் போனாள். பிறகு அவன் லாரியோடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். சேலை அலமாரிக்குள் போனது.

“புது வகுப்பு இன்னைக்கு ஆரம்பிக்குதுக்கா. வாசல்ல என்னத்தான் நிக்கச் சொல்லியிருக்காங்க.”

“யாரு சொன்னா?”

“அப்புத்துரை சார்தான். வாட்ஸ்அப்புல போட்டிருக்காரு. ‘வரவேற்பு லோகேஸ்வரி’ன்னு. எல்லாரும் கட்டை விரலக் காட்டியிருக்காங்க.”

சின்னம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். இறந்துபோன ஜெயராஜின் அக்கா அவள். தம்பி போன பிறகு லோகேஸ்வரியை டத்தோ கிராமாட்டில் இருக்கும் தன் பிளாட்டுக்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டவள். போட்ட சோற்றை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை மட்டும் அவளை ஏற்ற விடமாட்டாள்.

“நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. சும்மா நாள்ல நின்ன, அது வேற. இன்னைக்கு விஜயதசமி. சந்தனம், குங்குமம், பன்னீரு எல்லாம் வைப்பாங்க. அந்தத் தட்டுக்குப் பக்கத்துல நீ நின்னா வர்றவங்க மனசு எப்படி இருக்கும்? அவங்க ஒன்னத் தள்ளி நிக்கச் சொல்றதுக்கு முன்னாடி நீயே போயி ஒரு ஓரமா ஒக்காந்துக்க. மானமாச்சும் மிஞ்சும்.”

“அது கம்ப்யூட்டர் கிளப்புக்கா. கல்யாண வீடு இல்ல.”

“நம்மாளுங்க நாலு பேரு கூடிட்டா எல்லாமே கல்யாண வீடுதான் லா,” என்றாள் சின்னம்மா. “சரி, பசியாறிட்டுப் போ.”

லோகேஸ்வரி அதே சேலையைத்தான் கட்டினாள். சின்னம்மாவை எதிர்க்க வேண்டும் என்று அல்ல. எதிர் வீட்டு மோகனாவிடம் இந்தச் சேலையைத்தான் காட்டி வைத்திருந்தாள். “மஞ்சச் சேலை. தூரத்துல இருந்தே தெரியும். அதப் பாத்து வந்துரு.”

கணினி மன்றம் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே முஸ்தஃபா பாயின் டயர் கடை. மாடி ஏறி முடிக்கும்வரை ரப்பர் வாசனை கூடவே வரும். மன்றத்தைத் தொடங்கியவர் அப்புத்துரை. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா ரயில்வே கிளார்க்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அலுவலகங்கள் தூக்கிப்போடும் பழைய கணினிகளை அலைந்து வாங்கி, துடைத்து, நம் பிள்ளைகளும் பெரியவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்று வைத்தவர். சனிக்கிழமை தோறும் கூட்டம். யார் வேண்டுமானாலும் வரலாம்.

வரலாம்தான். லோகேஸ்வரி முதன்முதலில் போன சனிக்கிழமை அவளோடு இன்னும் சிலரும் புதிதாக வந்திருந்தார்கள். வாசலில் யாருமில்லை. உள்ளே பத்துப் பதினைந்து பேர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றுவதா, போட்டுக்கொண்டே போவதா என்றுகூடத் தெரியவில்லை. அவளாகவே கழற்றிவிட்டுப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புத்துரை ஏதோ ஒரு புதிய மென்பொருளைப் பற்றிப் பேசினார். முன்வரிசைக்காரர்கள் இடையிடையே கேள்வி கேட்டார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒருவர் அவளை ஒரு கணினி முன்னால் உட்கார வைத்தார். அவள் மவுஸைத் தொட்டாள். அம்பு எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. “இப்படி லா. ஈசிதான்,” என்று அவர் அவள் கையிலிருந்து மவுஸை வாங்கி, டக்டக்கென்று நாலைந்து தடவை தட்டி, “ஆச்சு, பாத்தீங்களா?” என்றார். பார்த்தாள். அவ்வளவுதான்.

புதிதாக வந்த மற்றவர்கள் யாரும் அடுத்த வாரம் வரவில்லை. லோகேஸ்வரி மட்டும் வந்தாள். அவளுக்கு வேறு வழி இல்லை. ஜெயராஜ் இறந்தபின் அரசாங்கத்தில் எதைக் கேட்பதானாலும் கணினியில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். கொழுந்தன் குகன்தான் எல்லாம் செய்து கொடுத்தான். கடவுச்சொல் அவனிடம்தான் இருந்தது. ஏதாவது ஒன்று என்று அவன் வீட்டு வாசலில் போய் நின்றால், “நாளைக்குப் பாப்போம் அண்ணி,” என்பான். அந்த நாளை ஒரு மாதம் கழித்து வரும். அதற்காகவே அவள் அந்த மாடிப்படியை ஏறினாள். திட்டு வாங்காமல், சிரிப்பு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றாள். கடவுச்சொல்லை மாற்றிய அன்று யாரிடமும் சொல்லவில்லை. வரும் வழியில் தனக்கு மட்டும் ஒரு கிண்ணம் செண்டோல், ஜில்லென்று வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு ஒரு கூட்டத்தில் அப்புத்துரை வருத்தமாகக் கேட்டார். “புதுசா ஆக்கள் வருகினம். ஆனா ஒருத்தரும் நிக்கினமில்லை. என்ன பிழை?”

முன்வரிசை ஆளாளுக்கு ஒன்று சொன்னது. கணினிகள் பழையவை, ஏர்கோன் சரியில்லை, நம்மாட்களுக்கு ஆர்வம் இல்லை. கடைசி வரிசையிலிருந்து லோகேஸ்வரி எழுந்தாள். அவள் எழுந்ததே பலருக்கு ஆச்சரியம்.

“வாசல்ல யாரும் இல்ல சார்,” என்றாள். “படியேறுறப்பவே பாதி உயிரு போயிருது. மேல வந்தா எல்லாரும் முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. ஒருத்தராச்சும் வாங்கன்னு சொல்லணும். என்ன செய்யணும்னு வந்தீங்கன்னு கேக்கணும். அவங்க கேட்டத அன்னைக்கே செஞ்சு பாக்க விடணும். அப்புறம் இந்த மவுஸு. கையில இருக்கறதப் புடுங்காம சொல்லிக் குடுங்க சார். புடுங்கிட்டா நாங்க எப்படிக் கத்துக்கறது?”

சிலர் சிரித்தார்கள். அப்புத்துரை சிரிக்கவில்லை. “சரி பிள்ளை. நீரே வாசல்ல நில்லும்,” என்றார்.

அன்றிலிருந்து அவள் வாசலில் நின்றாள். பல் டாக்டர் சலேஹாவின் கிளினிக்கில் துப்புரவு வேலை முடித்து, கையில் மருந்து வாசனை போகக் கழுவிவிட்டு நேராக வந்து நிற்பாள். “வாங்க, சப்பாத்தோடயே வரலாம். பேரு என்ன? இன்னைக்கு என்ன செய்யணும்னு தோணுது?” ஒரு தாத்தா ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேரனின் படத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றார், பார்த்துவிட்டுத்தான் போனார். ஓர் அம்மா ஈப்போவுக்கு ரயில் டிக்கெட் தானே எடுத்துவிட்டு அதை எல்லாருக்கும் காட்டினாள். கற்றுக்கொடுக்கும் கோகுலன், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் பிள்ளை, மவுஸைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். “பள்ளிக்கூடத்துல தண்டனை வாங்குன மாதிரி இருக்குக்கா,” என்பான். வந்தவர்கள் திரும்பவும் வந்தார்கள். நாற்காலி போதவில்லை. கீழே முஸ்தஃபா பாயிடம் கடன் வாங்கினார்கள்.

இந்தச் சனிக்கிழமைகளில் எல்லாம் லோகேஸ்வரிக்குப் புருஷன் இல்லை என்பது யாருக்கும் ஒரு விஷயமாக இருக்கவில்லை.

மோகனாவுக்கு வயது பத்தொன்பது. பதினாலு வயதில், ஃபாம் டூவோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மற்றவர்கள் அவளைப் போலவே வாயை மட்டும் அசைத்துக் காட்டிச் சிரிப்பார்கள். ஒரு திங்கட்கிழமை சீருடையோடு பள்ளி கேட் வரை போனவள் திரும்பி வந்துவிட்டாள். அப்புறம் போகவே இல்லை. அம்மா பூக்கடை வைத்திருந்தாள். மகள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து மாலை கட்டினாள். ஆள் வந்தால் அறைக்குள் போய்விடுவாள். லோகேஸ்வரியிடம் மட்டும் கதவை முழுதாகத் திறந்து பேசுவாள்.

“அக்கா, வெளி ஆளா பரீட்சை எழுதலாமாமே. நெசமா?” என்று ஒருநாள் அவளாகவே கேட்டாள்.

“எழுதலாம். பதிஞ்சுக்கறது, பாடம் பாக்கறது எல்லாம் கம்ப்யூட்டர்லதான். வந்து கத்துக்க.”

“அங்க ஆளுங்க இருப்பாங்களே.”

பல வாரம் இழுத்தது. கடைசியில் மோகனாவின் அம்மா, “விஜயதசமியில ஆரம்பிச்சா நல்லாப் படிப்பு வரும், அன்னைக்கே போகட்டும்,” என்றாள். லோகேஸ்வரி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சொன்னாள்.

“நான் முன்னாடியே போயி நிக்கணும். நீ தலையக் குனிஞ்சுக்கிட்டே படியேறு. கடைசிப் படியில மட்டும் நிமிந்து பாரு. மொதல்ல தெரியுறது என் மூஞ்சிதான். ஒன் கையப் புடிச்சு நானே கூட்டிட்டுப் போயி ஒக்கார வைக்கிறேன். வேற யார்கிட்டயும் நீ ஒரு வார்த்தை பேச வேணாம்.”

“கட்டாயம் நிப்பீங்களா அக்கா?”

“நிக்காம எங்க போயிரப் போறேன்?”

அவள் மன்றத்துக்குப் போனபோது நிலையில் மாவிலை கட்டியிருந்தது. ஒவ்வொரு கணினித் திரையின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். நடுவில் குத்துவிளக்கு, சரசுவதி படம், ஒரு தாம்பாளம் நிறையப் பச்சரிசி. புதியவர்கள் அரிசியில் விரலால் ‘அ’ எழுதிவிட்டு, அதே விரலால் கீபோர்டில் ‘அ’வை அழுத்தி வகுப்பைத் தொடங்க வேண்டும் என்பது அப்புத்துரையின் ஏற்பாடு.

“அரிசி உள்ள விழுந்தா யாரு நோண்டி எடுக்கறது?” என்று கோகுலன் ஒவ்வொரு கீபோர்டாகத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தான். லோகேஸ்வரியைப் பார்த்ததும், “அக்கா, கலக்கல்,” என்றான். உடனே ஏதோ நினைவுக்கு வந்தவன் போல மறுபடி குனிந்துகொண்டான்.

வாசலில் சிவப்பு விரிப்புப் போட்ட மேசை. வெள்ளிப் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், கற்கண்டு. லோகேஸ்வரி மேசைக்குப் பின்னால் போய் நின்று, செம்பில் பன்னீர் வருகிறதா என்று லேசாகச் சாய்த்துப் பார்த்தாள்.

“லோகேஸ்வரி, இஞ்ச ஒருக்கா வாரும் பிள்ளை.”

அப்புத்துரையின் மனைவி செல்வநாயகி. பட்டுச் சேலை, காதில் தோடு மின்ன, பக்கத்தில் வந்து நின்றாள். லோகேஸ்வரியின் கையிலிருந்த செம்பை, அழகு பார்ப்பது போல வாங்கினாள். திருப்பித் தரவில்லை.

“வடிவான சீலை,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “குறை நினையாதேயும். எனக்கு உதில எல்லாம் நம்பிக்கை இல்லை. வாற சனம் என்ன சொல்லுமோ எண்டுதான். நல்ல நாள், நல்ல காரியம். தீபாராதனை முடியுமட்டும் பின்னுக்கு நிண்டு தண்ணி கலக்கிறதைப் பாரும். பிறகு வந்து எல்லாரோடையும் இரும்.”

“போன வாரம் வரைக்கும் நான்தான ஆண்ட்டி இங்க நின்னேன்?”

“அது சும்மா நாள்தானே பிள்ளை.”

அந்தக் குரலில் கோபமோ வெறுப்போ இல்லை. மழை வருகிறது, துணியை எடு என்று சொல்வது போல இருந்தது. உண்மையில் செல்வநாயகிக்கு நம்பிக்கை இல்லாமலும் இருக்கலாம். சின்னம்மாவும் அதையேதான் சொன்னாள், வர்றவங்க மனசு எப்படி இருக்கும் என்று. எல்லாருமே யாரோ வரப்போகிறவர்களுக்காகத்தான் இதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

“மோகனான்னு ஒரு புள்ள வரும் ஆண்ட்டி,” என்றாள் லோகேஸ்வரி. “ரொம்பக் கூச்சப்படும். அதுகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. வந்தா என்ன ஒரு சத்தம் கூப்பிட்டுருங்க.”

“ஓம் ஓம். நான் பாக்கிறன்.”

உள்ளே போகும்போது கோகுலன் அருகில் நின்றாள். “தம்பி.”

“ஆண்ட்டிகிட்ட நான் பேசறேன்க்கா,” என்றான் அவன் கீழே கிடந்த வயரைப் பார்த்துக்கொண்டு. “பூசை முடியட்டும்.”

பின்கட்டில் ஒரு சின்ன அடுப்படி. இடையில் திரைச்சீலை. லோகேஸ்வரி வருகிறவர்கள் குடிக்கப் பெரிய குவளையில் மைலோ கலக்கினாள். மஞ்சள் சேலையில் ஒரு சொட்டு தெறித்தது. அதைத் துடைக்காமல் திரைக்கு அருகிலேயே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். படியில் காலடிகள். வாங்கோ, வாங்கோ என்று செல்வநாயகி. வளையல் சத்தம். ஒரு பெண், போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மணி அடித்தது. குருக்கள் கற்பூரத்தை ஏற்றினார்.

அந்த மணிச் சத்தத்துக்கு நடுவில் அவளுக்கு அந்தக் குரல் கேட்டது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது.

“லோகேஸ் அக்கா…”

லோகேஸ்வரி திரையை விலக்கினாள். வாசலுக்குப் போக நடுக்கூடத்தைக் கடக்க வேண்டும். நடுக்கூடத்தில் தீபாராதனை. எல்லாரும் கை கூப்பிக் கண் மூடியிருந்தார்கள். அவர்களுக்கும் விளக்குக்கும் இடையில்தான் வழி. தாண்டிப் போயிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் போதும். தடுக்க யாரும் வரப்போவதில்லை. ஆனால் கால் எழவில்லை. கற்பூரம் அணையட்டும், அணைந்ததும் போய்விடலாம் என்று அவள் நின்றாள். யாரும் அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. மூன்று வருடமாக எல்லாருமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்குள்ளேயே ஒரு ஆளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த ஆள் நிறுத்தினாள்.

கற்பூரம் அணைந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“மோகனா எங்க ஆண்ட்டி?”

“ஆர்? ஓ, அந்தப் பிள்ளையோ? வந்ததே. ஆரின்ர மகள், எந்தப் பள்ளிக்கூடம், எத்தினையாம் ஃபாம் எண்டு கேட்டன். வாய் திறக்குதில்லை. உம்மைத்தான் கேட்டது. பின்னுக்கு வேலையா நிக்கிறா எண்டன். சந்தனம் எடும் எண்டு நீட்டினன், எடுக்கேல்லை. போயிட்டு வாறன் எண்டு இறங்கிப் போச்சு.”

லோகேஸ்வரி படிகளில் இறங்கினாள். தெருவில் வெயில். யாருமில்லை. டயர் கடையில் முஸ்தஃபா பாய் எழுந்து வந்தார்.

“ஊதாக் கலர்ல பஞ்சாபி சூட்டுப் போட்ட புள்ளையாம்மா? இப்பத்தான் போச்சு. அழுதுகிட்டே போற மாதிரி இருந்துச்சு. என்னம்மான்னு கேட்டேன். எடம் மாறி வந்துட்டேன்னு சொல்லுச்சு.”

மோகனாவிடம் கைப்பேசி இல்லை. அவளுடைய அம்மாவுக்கு அடித்தாள். பூக்கடையில் பண்டிகை நெரிசல், எடுக்கவில்லை. ஓடிப் போய்ப் பிடிக்கலாம்தான். பிடித்து என்ன சொல்வது? நிக்காம எங்க போயிரப் போறேன் என்று சொன்ன வாய். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும். இந்நேரம் கதவு சாத்தியிருக்கும். அந்தப் பள்ளிக்கூட கேட்டிலிருந்து இந்தப் படிக்கு வர ஐந்து வருடம் ஆனது, இனி மறுபடி வரவும் அவ்வளவு ஆகும். ஆகாமலே போனாலும் போகும்.

கைப்பையும் சாவியும் மேலே கிடந்தன. லோகேஸ்வரி திரும்பி ஏறினாள்.

புதியவர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாற்காலி காலி. அப்புத்துரை கணினி பிறந்த கதையில் இருந்து ஆரம்பித்து, இருபது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். புதியவர்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்கள். எதற்காக வந்தீர்கள் என்று அவர்களை இன்று யாரும் கேட்டிருக்கவில்லை. பூசைக்கு வந்த விருந்தினர்கள் பார்க்கிறார்கள் என்பதால் உதவிக்கு நின்ற ஒருவர், ஒரு அம்மாவின் கையிலிருந்த மவுஸை வாங்கி அவரே தட்டிக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி பையை எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

அப்புத்துரை அவளைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

“இந்த வகுப்பு இண்டைக்கு நடக்குதெண்டால் அது ஒராளாலதான். புதுசா வாற ஆக்களை எப்பிடி வரவேற்கிறது எண்டு எங்களுக்குக் காட்டித் தந்தவ. லோகேஸ்வரி, முன்னுக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லும். ஏன் பின்னுக்கு நிக்கிறீர்?”

கைதட்டினார்கள். அவள் முன்னால் போகவில்லை. சுவரோரத்திலிருந்தே பேசினாள்.

“எனக்குப் பேசத் தெரியாது சார். வாசல்ல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்தா பயந்தவங்க உள்ள வந்துருவாங்க. அவ்ளோதான் எனக்குத் தெரியும். இன்னைக்கு ஒரு புள்ளைகிட்ட, என் மூஞ்சியப் பாத்து வந்துருன்னு சொல்லி வச்சிருந்தேன். அது வந்துச்சு சார். கடைசிப் படி வரைக்கும் வந்துச்சு. நான் அடுப்படியில இருந்தேன்.”

அப்புத்துரைக்கு விளங்கவில்லை. “வாசல்லதானே உம்மைப் போட்டனாங்கள்? அடுப்படியில என்ன வேலை?”

செல்வநாயகி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். கோகுலன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

“எம் புருசன் செத்துட்டாரு சார்,” என்றாள் லோகேஸ்வரி. “அந்த வேலைதான்.”

அப்புத்துரை மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஏதோ சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவருடைய உதடு அசைந்தது.

“சரி,” என்றார். “இப்ப எல்லாரும் தேத்தண்ணி எடுப்பம்.”

நாற்காலிகள் இழுபட்டன. பேச்சு ஒரேயடியாகக் கிளம்பியது, தேவைக்கு மேல் சத்தமாக. லோகேஸ்வரி அந்தக் காலி நாற்காலியைத் தூக்கினாள். வாசலுக்குக் கொண்டுபோய், நிலைக்கு நேராக, படியைப் பார்த்தாற்போல் போட்டு உட்கார்ந்தாள். சிவப்பு விரிப்புப் போட்ட மேசை பக்கத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

கோகுலன் ஒரு கோப்பையோடு வந்தான். “அக்கா, உள்ள வந்து ஒக்காருங்கக்கா. நான் அப்பவே பேசியிருக்கணும். தப்புதான்.”

“பரவால்ல தம்பி. யாராச்சும் வந்தாலும் வருவாங்க.”

“அந்தப் புள்ளையா?”

“அது வராது.”

அவன் கோப்பையை அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனான். அவள் குடிக்கவில்லை. கீழே டயரைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை தெருவில் செருப்புச் சத்தம் கேட்டபோதும் அவள் நிமிர்ந்தாள். யாரும் படியேறவில்லை.

கூட்டம் முடிந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். பேரனின் படம் பார்த்த தாத்தா முதலில் வந்தார். “வரேம்மா. அடுத்த வாரமும் நீதான இருப்ப?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். ரயில் டிக்கெட் எடுத்த அம்மா அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். சிலர் கைப்பேசியைப் பார்த்தபடி கடந்தார்கள். பட்டுச் சேலைகள் இரண்டு, அவள் மேல் உரசாமல் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து போயின.

கடைசியில் அப்புத்துரை வந்தார். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், செல்வநாயகியின் தங்கை மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். அவர்கள் ஃபெரியைப் பிடிக்க வேண்டும். அவர் லோகேஸ்வரியின் அருகில் நின்றார். “பிள்ளை…” என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், இறங்கிப் போனார்.

செல்வநாயகி உள்ளே, நிலைப்படிக்கு ஓர் எட்டுத் தள்ளி நின்றாள். ஒரு கையில் கைப்பை. இன்னொரு கையில் நிச்சயத்துக்குக் கொண்டுபோகும் சீர்த் தட்டு, மேலே பட்டுத் துணி மூடி. நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவள் எதிரே யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை.

“நீர் இன்னும் வீட்ட போகேல்லையோ?” என்றாள்.

“இல்ல ஆண்ட்டி.”

“நேரமாச்சே. எழும்பிப் போமன். நாங்கள் பூட்டுறம்.”

“நீங்க போங்க ஆண்ட்டி. நான் ஒக்காந்திருக்கேன். வாசல் எனக்குக் குடுத்த வேலை.”

லோகேஸ்வரியின் குரலில் கோபம் இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. முகத்தைத் திருப்பாமல், வருகிறவர்களைப் பார்ப்பது போலவே செல்வநாயகியைப் பார்த்தாள்.

கீழே அப்புத்துரை காரை எடுத்துவிட்டார். ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், இந்தத் தடவை நீளமாக. செல்வநாயகி தட்டை மற்றக் கைக்கு மாற்றினாள். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அந்த மாடிக்கு வேறு படி கிடையாது.